சொல்வதை எழுதுபவர்

முதலில் புத்தர் என்று சரியாகத்தான் சொன்னாள். அதற்குள் ஒரு கொசு என் கணுக்காலைக் கடித்துத் தொலைத்தது, காலை உதறினேன். அடுத்த நொடியே, "இல்ல சார், மகாவீரர்னு போடுங்க" என்றாள். கொசுவுக்கும் மகாவீரருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. எண்வழிப் பாதையைப் போதித்தவர் யார் என்பது கேள்வி, ஒரு மதிப்பெண். பிளஸ் டூ துணைத்தேர்வில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்கிற தாள். நான் கணக்கு வாத்தியார்தான், ஆனாலும் புத்தரைத் தெரியாத அளவுக்கு மோசமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று ஆணையில் அடிக்கோடு போட்டிருந்தது. மனசில்லாமல் மகாவீரர் என்றே எழுதினேன்.

அவள் பெயர் புஷ்பலதா. தேர்வு நடந்த ஆரணியிலேயே, கரையைத் தனியாகக் கோத்து இரண்டு பேராக நெய்கிற கோர்வைப் பட்டுத் தறி வைத்த வீடு. முப்பத்துநான்கு வயது முடிந்து பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதக் கணக்கை அவளே முதல் நாள் என்னிடம் சொன்னாள். அவள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடியில் ஓர் இடம் காலி. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், முப்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது. இந்த ஜூனில் எல்லாத் தாளும் தேறினால் மனுப் போடலாம், ஒன்றில் போனாலும் வயது போய்விடும். மொழிப் பாடங்கள் முன்பே தேறியாயிற்று, மிச்சம் நான்கு தாளுக்குத் தனித்தேர்வராகப் பணம் கட்டி, ஒரு வருஷமாக அடுப்படியில் கைடை விரித்து வைத்துப் படித்திருக்கிறாள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மருத்துவச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு மூன்று தடவை அலைந்துதான், சொல்வதை எழுத ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாளாம். எழுதுகிறவர் அந்தப் பாடம் நடத்துகிறவராக இருக்கக் கூடாது என்பது விதி. ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருக்கிற நான் ஆசிரியர் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பது எங்கள் தலைமையாசிரியைக்குக் கண்ணை உறுத்தியிருக்கும். ராஜவேலு சார் போகட்டும் என்று என்னை அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரு இடத்தில் அடங்கி உட்கார வராது. அது பிறவிக் குணம். உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். கால் ஆட்டினால் வீடு விளங்காது என்று என் மனைவி சூர்யகலா முப்பது வருஷமாகத் திட்டுகிறாள், கால் அவள் பேச்சையும் கேட்பதில்லை. என் ஊர் பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனதுண்டு. எங்களுக்கு ஒதுக்கிய அறையோ ஆய்வகத்தை ஒட்டிய பொந்து. தனிம அட்டவணையையும் தவளைப் படத்தையும் செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். கிடந்தது ஒரே பழைய பெஞ்சு, ஒரே டெஸ்க். நானும் அவளும் ஒரே பெஞ்சில் இந்த முனையிலும் அந்த முனையிலும் உட்கார்ந்தோம். வாசலோரம் நாற்காலி போட்டு தேவகி டீச்சர் மேற்பார்வை. கூடுதலாகக் கொடுத்த ஒரு மணியோடு சேர்த்து நான்கு மணி நேரம் ஒருவர் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். அவள் திணறும்போது எனக்கு உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

அன்றைக்கு மணி அடித்து விடைத்தாளைக் கட்டிக் கொடுத்ததும் கேட்டுக்கு வெளியே அவளை நிறுத்தினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் ஜெயக்குமார் வண்டியோடு நின்றிருந்தான். சரியாகச் சொன்ன விடையை எதற்கு மாற்றினாய் என்று கேட்டேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சின்னதாகிப் போனது.

"உங்க காலு ஆடுச்சே சார்."

ஆடினால் என்ன என்றேன்.

"தறியில அவரு பக்கத்துல ஒரே பலகையில உக்காந்து பதினாலு வருசமா கரைக்கு இழை ஓட்டற நாடாவ தள்ளிகினு இருக்கேன் சார். அந்த சத்தத்துல பேச்சு எங்க கேக்கும்? பலகை அசையறத வெச்சுதான் எப்ப தள்றது, எப்ப நிறுத்தறதுன்னு தெரியும். இழை தப்பாப் போச்சுன்னா அவரு காலு வேற மாதிரி ஆடும். நான் கைய நிறுத்திடுவேன். நான் தப்பாச் சொன்னா உங்குளுக்கும் அப்டிதான் ஆடுது."

அவளாகவே, இதற்கு முந்தின வரலாற்றுத் தாளில் நாலைந்து விடை அப்படி மாற்றியதாகச் சொன்னாள். சூரத் பிளவு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து என்றவள், கொஞ்சம் யோசித்து ஏழு என்று திருத்தினாள். யோசித்தாள் என்றுதான் நானும் நினைத்தேன், நல்ல பிள்ளை, நிதானமாக எழுதுகிறாள் என்று மனசுக்குள் மெச்சிக்கூட வைத்தேன். கடைசியில் அத்தனையும் என் காலின் வேலை. வேண்டுமென்று பண்ணவில்லை, கை தானாக நிற்கிற மாதிரி வாய் தானாக நின்றுவிடுகிறது என்று கண் கலங்கச் சொன்னாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. போம்மா, நாளன்னிக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேரைத் தேர்வறையில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்! பாவாடை மடிப்பில் சீட்டு வைத்திருந்த பெண்ணைக்கூட விட்டதில்லை. இப்போது நானே நான்கு மணி நேரம் ஓடுகிற காப்பிச் சீட்டாக உட்கார்ந்திருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் ஓய்வூதியம் அம்போ. ஆனால் என் காலைப் பார்த்து விடை எழுதினாள் என்று யார் எந்தச் சட்டத்தில் எழுதுவார்கள்? இப்படி மாற்றி மாற்றி நினைத்ததில் பெரணமல்லூரில் இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் சொன்னதையே வகுப்பில் பாதிப் பேர் கவனித்ததில்லை. என் காலைக்கூட ஒருத்தி கவனித்திருக்கிறாளே.

வணிகவியல் அன்று இரண்டு காலையும் பெஞ்சின் குறுக்குச் சட்டத்தில் பின்னிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம் அசையவில்லை, தொடை மரத்துக் கட்டையாகிவிட்டது. அவளோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டாள். ஒரு விடையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். பெஞ்சு அசையாது. சரியா தப்பா என்று தெரியாமல் மாற்றுவாள், மறுபடி மாற்றுவாள். தெரிந்ததும் மறந்து போனது. என் கணக்குப்படி அந்தத் தாளில் மயிரிழையில் தேறியிருப்பாள். வெளியே வந்தபோது, நான் காலைக் கட்டிப்போட்டு உட்கார்ந்ததற்கு அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ரொம்ப பேஜாராப் போச்சு சார்" என்று மட்டும் சொல்லித் தன்னையே நொந்துகொண்டாள். அதுதான் என்னைக் குத்தியது.

கடைசித் தாள் பொருளியல். அன்று காலையில் பஸ் ஏறும்போதுகூட இந்தக் காலை என்ன செய்வது என்று நான் முடிவு பண்ணவில்லை. தேர்வு தொடங்குமுன் வாசலில் அவள் கைடைப் புரட்டிக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். வேலையின்மை, வறுமை, சுயதொழில் என்று வரிக்கு வரி பென்சிலால் கோடு. மணி அடித்ததும் உள்ளே போனோம். முதல் ஒரு மணி நேரம் காலைக் கட்டித்தான் வைத்திருந்தேன். அவள் இருபது ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஏழுக்குத் தப்பாகச் சொன்னாள். இரண்டு மதிப்பெண் கேள்விகளில் மூன்றை விட்டாள். மறைமுக வேலையின்மை என்றால் என்ன என்ற கேள்விக்கு, சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள். நான் மனசுக்குள் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தேன். கணக்கு வாத்தியாருக்கு இது ஒரு சாபம். இப்படியே போனால் தேறுவதற்கு ஏழெட்டு மதிப்பெண் குறையும். ஏழெட்டு மதிப்பெண்ணில் அந்த அங்கன்வாடி இன்னொருத்திக்குப் போய்விடும், இவள் இதே பலகையில் அறுபது வயது வரைக்கும் நாடா தள்ளுவாள்.

தேவகி டீச்சர் அறைத் திட்டத்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். நான் சட்டத்திலிருந்து காலைக் கழற்றினேன். இது தானாக ஆடியது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. தெரிந்தேதான் ஆட்டினேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள், ஒரு மூச்சு விட்டாள், பிறகு மளமளவென்று வந்தது. மறைமுக வேலையின்மை சரியாக வந்தது. மூன்று மதிப்பெண் கேள்வி இரண்டில் அவள் தப்பாகச் சொன்ன இடத்தில் ஆட்டினேன், திருத்திக்கொண்டாள். மறுபடி கூட்டிப் பார்த்தேன். இன்னும் நாலு மதிப்பெண் வேண்டும். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று பாக்கி, நேரமும் கொஞ்சம்தான் பாக்கி. சுயதொழில் என்றால் என்ன, தகுந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக. அப்பாடா என்றிருந்தது எனக்கு. காலையில் கைடில் நானே பார்த்த கேள்வி. விளக்கத்துக்குக் கீழே, 'எடுத்துக்காட்டு: வீட்டில் சொந்தத் தறி வைத்து நெய்பவர்' என்று போட்டு, அவள் இரண்டு கோடு இழுத்து வைத்திருந்தாள்.

விளக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள், எழுதினேன். எடுத்துக்காட்டு வந்ததும் நிறுத்தினாள். பிறகு, வீட்டில் சொந்தத் தறி வைத்து நெய்பவரைச் சுயதொழில் செய்பவர் என்று சொல்வார்கள், ஆனால் அது சரியில்லை என்று சொன்னாள்.

என் கால் ஆடியது. இந்தத் தடவை தானாகவே ஆடியது. பிறகு நானும் சேர்ந்து ஆட்டினேன், டெஸ்க்கில் இருந்த அளவுகோல் குதிக்கிற அளவுக்கு ஆட்டினேன். தேவகி டீச்சர் விசிறுவதை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. சொல்லித் தொலைம்மா, கைடில் இருப்பதைச் சொல்லித் தொலை, உனக்குத் தெரியுமே! புஷ்பலதா மாவுக்கட்டுப் போட்ட கையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தாள். அழுத்தி வைத்தாள்.

"வேணாம் சார்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "மத்ததெல்லாம் படிச்சது, மறந்திருப்பேன். இது எனக்குத் தெரியும்."

எத்தனை மதிப்பெண் குறைகிறது என்று அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லக் கூடாது. சொல்லாமலேயே அவளுக்கும் ஏறக்குறைய தெரிந்திருக்கும். "பத்து நிமிஷம்தான் சார் இருக்குது" என்றார் டீச்சர். அவள் சொல்லத் தொடங்கினாள். தறியில் ஏற்றுகிற பாவு நூல் முதலாளி தருவது, ஜரிகையும் அவர் தருவது, நிறத்தையும் பூவையும் அவர் சொல்வது, சேலை என்றைக்கு அறுத்துத் தர வேண்டும் என்பதும் அவர் சொல்வது. கூலி எவ்வளவு என்பதையும் அவரேதான் சொல்வார். அவர் ஒரு மாதம் பாவு அனுப்பாவிட்டால் தறி சும்மா நிற்கும். தறியும் காலும் மட்டும்தான் நெய்கிறவருடையது. அதனால் அவர் சுயதொழில் செய்பவர் அல்ல, வீட்டில் உட்கார்ந்திருக்கிற கூலியாள்.

இதைத் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் வேறு மாதிரி இருக்கும். அவர் விளக்கத்துக்கு இரண்டு போடலாம், படித்துப் பார்த்து ஐந்தும் போடலாம், மொத்தமாகக் கோடு இழுத்துச் சுழியும் போடலாம். எனக்குத் தெரியாது. என் இரண்டு பாதத்தையும் தரையில் ஒட்டி வைத்துக்கொண்டு எழுதினேன். நான்கு தாளிலும் அவள் இவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை, ஒரு விடையைச் சொல்லிவிட்டு இப்படிக் காத்திராமல் போனதும் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனேன். எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் பெஞ்சு இன்னும் ஆடுவது தெரிந்தது. குனிந்து பார்த்தேன், என் கால் ஆடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டிருந்த புஷ்பலதாவின் வலது கால் வெறும் தரையில் தறி மிதிக்கிற மாதிரி அழுந்தி எழுந்து அழுந்திக்கொண்டிருந்தது. என் பேனா அந்த வேகத்துக்கு ஓடியது.