மூன்றாவது கியர் நிற்கவில்லை

"கியர்பாக்ஸை இறக்கணுமாடா?" என்று அக்கா மறுபடியும் கேட்டாள்.

தம்பி இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, திறந்த பானட்டுக்குள் கவிழ்ந்து நின்றான். இறக்குவதென்றால் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இரும்பை நெஞ்சோடு வாங்க வேண்டும். வழியை மறைத்த பேட்டரியைக் கழற்றி வைத்ததற்கே அவன் இடுப்பு அலறியது.

அக்கா நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது இந்த ஒரே கார். மூன்றாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. நாளைக் காலை அவளிடம் படிக்கும் பெண்ணுக்கு லைசென்ஸ் டெஸ்ட். போன தடவை தோற்று, ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதவள்.

"டெஸ்ட்ல நழுவுச்சுன்னா அந்தப் பொண்ணு ஸ்டியரிங்கை விட்டுட்டு ஓடிடும்டா."

"ஓடட்டும். கண்டிப்பா மூணாவது கியர்ல ஓடாது."

கியரை நகர்த்தும் ராடுகள் விரல் தடிமனில் இருக்கும். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னப் பள்ளங்கள். மேலேயிருந்து ஒரு எஃகுக் குண்டு வந்து பள்ளத்தில் உட்காரும். குண்டின் தலையை ஒரு ஸ்பிரிங் அழுத்தும். ஸ்பிரிங்கை ஒரு போல்ட் மூடும். கியர் போடும்போது கையில் 'டக்' என்று தெரிகிறதே, குண்டு பள்ளத்துக்குள் இறங்குவதுதான் அது. குண்டு சரியாகப் பிடிக்காவிட்டால் கியர் நழுவும். போல்ட் இருப்பது வெளிப்பக்கம் என்பதால் எதையும் இறக்காமலே அதைத் திறக்கலாம். கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான். கியரே தேய்ந்திருந்தால் நாளைக்கு வண்டி கிடையாது.

போல்ட் வந்தது, ஸ்பிரிங் வந்தது, குண்டு மட்டும் வரவில்லை. காந்தக் குச்சியை விட்டுத் துழாவினான். பழைய ஆயில் பசையாக இறுகி அதைக் கவ்விக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்ட குண்டின் மேல், வாங்கி வைத்திருந்த புது ஸ்பிரிங்கைப் போட்டும் பயனில்லை.

"முடியலக்கா," என்றான், நிமிர முயன்றபடி. "அந்தப் பொண்ணுகிட்ட வேற தேதி வாங்கிக்கச் சொல்லு."

காலையிலிருந்து நின்ற கால்கள். அக்கா போய் டிரைவர் சீட்டில் தொப்பென்று விழுந்தாள். உட்கார்ந்ததும் கிளட்சை மிதி, கியரை ஆட்டிப் பார் என்று நாள் முழுக்கக் கத்துகிறவள் அவள். கை கால்கள் அவளைக் கேட்காமலே அதைச் செய்தன. ஒரு வாரமாகக் கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டியிருந்தது: மூன்றாவதில் ஒரு தள்ளு.

உள்ளே ராடு நகர்ந்தது. பள்ளத்தின் சரிவு குண்டை மேலே நெம்பியது.

"ஏய், என்ன பண்ணுன?"

"ஐயோ, எதையாவது உடைச்சிட்டேனா?"

"இல்லக்கா. திரும்பப் பண்ணு. மெதுவா."

இந்தத் தடவை குண்டு காந்தத்தில் வந்து ஒட்டியது. துடைத்தான், தேய்மானம் இல்லை. துளையையும் சுத்தம் செய்தான். பழைய ஸ்பிரிங்தான் சோர்ந்து குட்டையாகியிருந்தது, அவர்கள் இரண்டு பேரையும்போல. புது ஸ்பிரிங்கைப் போட்டு மூடி, பேட்டரியைத் திரும்ப மாட்டினான்.

ஓட்டிப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது தம்பி மூன்றாவதில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். கியர் நின்றது.

"நிக்குதுடா!"

"நீ பிடிச்சுக்கிட்டிருக்க. நிக்காம?"

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் கை கியரின் மேல் இருந்தது. மாணவர்களின் கைக்கு மேல் வருஷக்கணக்காக இருந்து பழகிய கை.

"எப்படா வச்சேன்?"

"எப்பவும்தான். இப்படிச் சும்மா அழுத்திக்கிட்டே இருந்தா உள்ள கியரைத் தள்ளுற ஃபோர்க் தேயும். அது தேஞ்சா இறக்கித்தான் ஆகணும். என் இடுப்பை நினைச்சாவது எடு."

எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். அடுத்த இறக்கத்திலும் தம்பி காலை எடுத்தான். இருவரும் கியரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கியர் அசையவில்லை.

"அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணு. கைக்கும் ஒரு வேலை ஆச்சு."