தீப்பொறி பட்ட கை

ஈரத்துணியால் அவர் வலது கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. மனைவிக்குத் தெரியவில்லை. முழங்கைக்கு மேல் கொத்தாக இருந்த புடைப்புகளை மட்டும் அழுத்தாமல் துடைத்தாள். ஈரம் பட்டால் அவருக்கு அங்கே சுரீரென்று வலிக்கும். ஒரு முனகலும் வரவில்லையே என்றுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

முப்பது வருடமாக வெல்டர். அவருடைய அப்பாவும் வெல்டர்தான். அந்த மனிதருக்கும் இதே கையில் இதே புடைப்புகள். நாற்பத்தைந்து வயதில் கிட்னி கெட்டுப் போய்ச் சேர்ந்தார். “தீப்பொறி முத்தம் குடுத்த இடம்” என்று பட்டறையில் கேலி செய்வார்கள். அவளும் அப்படியே நம்பினாள். வேறு என்னவென்று நினைப்பாள், பாவம்!

டாக்டர் அம்மா அவளை மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அழைத்துப் போனார். ஜீன் பரிசோதனை ரிப்போர்ட் காலையில்தான் வந்திருந்தது.

“இந்த நேரத்துல சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்க. இது ரொம்ப அபூர்வமான கிட்னி கேன்சர். ஒரு ஜீன்ல பிறவியிலேயே கோளாறு. அவங்க அப்பாகிட்டேருந்து வந்திருக்கணும். கையில இருக்கிறது தீக்காயம் இல்லம்மா, அதோட அடையாளம்.”

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார். “உங்க பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். அவளுக்கு இது இருந்தாலும் வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணா ஆரம்பத்துலயே பிடிச்சிடலாம்.”

மகளின் தோளில் மூன்று புடைப்புகள். முதலாவது வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. “சாப்பாட்டைக் குடுத்துட்டு வாடின்னா பட்டறையிலயே நின்னு வேடிக்கை பார்த்தியா?” என்று இவள்தான் முதுகில் நாலு வைத்தாள்.

மத்தியானம் உடல் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டர் உன்னைத் தனியா கூப்பிட்டு என்னம்மா சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லடி. அப்பா வலியில்லாம போனாராம்.”

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு மட்டும் எந்த வாயால் சொல்வது?

நாத்தனார் அலறிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணன்மேல் விழுந்து அழுதாள். பிறகு அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டு அவள் வயிற்றைத் தடவினாள்.

“அழாதடி தங்கம். எங்கண்ணன் எங்கேயும் போயிடல. உன் வயித்துல அவரே வந்து பொறப்பாரு பாரு, அச்சு அசலா...”

“வேணாம்!”

தாய் போட்ட சத்தத்தில் கூடமே அடங்கிப்போனது. நாத்தனாரின் கை வயிற்றின்மேல் அப்படியே நின்றது.

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏம்மா?”