பஸ்ஸில் இருக்கும் டிஸ்க்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. 2009இல், லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைச் செய்கிறவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் நடந்த சண்டை. கணினி எழும்பும்போது, இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் அட்டவணையில் எழுதியிருக்கும் டிஸ்க் ஒன்று இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போவதா, யாராவது ஒரு விசையை அமுக்கும்வரை நின்று காத்திருப்பதா? மேலே போவது பழைய வழக்கம். நிற்க வேண்டும் என்று மாற்றப் பார்த்தார்கள். வேண்டாம் என்று எழுதியவர்களில் ஒருத்தி இலங்கை மலையகத்தில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதினாள்.

நான் பதுளையில் செய்தி எழுதுகிறவன். இதைக் கட்டுரையாகக் கொடுத்தபோது, "இதில் ஆட்கள் எங்கே?" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பிவிட்டார். ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்களை மாற்றிக் கதையாக்குகிறேன். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை.

2

முதல் தொடக்கம்: "மலைமேல் மூடுபனி மெல்ல விலக, கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள் விஜயலெட்சுமி தன் கனவுகளை..."

நிறுத்திவிட்டேன். விஜயலெட்சுமியின் அம்மா கொழுந்து எடுத்தவர்தான். ஆனால் டிஸ்க் இல்லாத கணினி நிற்க வேண்டுமா என்பதற்கு அந்தக் கூடையிடம் பதில் இல்லை. மூடுபனிக்கும் இங்கே வேலையில்லை. இரங்குவதற்கு வாசகருக்கு வேறு கதைகள் கிடைக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "டிஸ்க் பஸ்ஸில் வந்தது."

இது நிற்கும்.

3

டிஸ்க் பஸ்ஸில் வந்தது. இரண்டு கணினி நிலையங்களுக்கு ஒரே டிஸ்க். ஒன்று ஹாலிஎலயில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியர் மதுசூதனன் நடத்துவது. மற்றது தோட்டத்தில், பழைய பிள்ளைக்காம்பராவில், விஜயலெட்சுமி நடத்துவது. (பிள்ளைக்காம்பரா: வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை. புதிது கட்டியதும் இது காலியானது.) பாடங்களும் மாணவிகள் செய்த வேலைகளும் அந்த டிஸ்க்கில்தான். வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே.

கொண்டுவருகிறவர் பஸ் கண்டக்டர் புவாத். துவாய்த் துண்டில் சுற்றி, டிரைவருக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவருவார். இறக்கிக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும், "தங்கச்சி, ஒங்கட புள்ள இன்னக்கி வாந்தி எடுக்கல்ல" என்பார்.

டிஸ்க்கை இணைக்கும் கணினி அலுமாரிக்குள் இருக்கிறது. அதன் திரை மின்னலில் போய்விட்டது; விசைப்பலகையும் இல்லை. அது எழும்பினால்தான் வகுப்பிலுள்ள மற்றக் கணினிகள் எழும்பும். கரண்ட் போகும், வரும். வந்ததும் அது தானாக எழும்பிக்கொள்ளும், டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதுதான் அவர்கள் வேலை செய்யும் முறை.

அறைமேல் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் கண் இருந்தது. உரம் வைக்க இடம் வேண்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாள் வந்து பார்ப்பேன், பிரயோசனம் இல்லையென்றால் அறையை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார்.

4

முதற்பிரதியில் மதுசூதனனை வில்லனாக எழுதினேன். மெல்லிய மீசை, அடிக்கடி பெருமூச்சு, அவருக்கு எல்லாம்...

முடியவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஒருமுறை டிஸ்க் ஹாலிஎலயில் இருந்தபோது தோட்டத்துக் கணினி எழும்பியது. மாணவிகள் வழக்கமான கோப்புறையில் தங்கள் வேலையைச் சேமித்தார்கள். டிஸ்க் இல்லாதபோது அது வெறும் கோப்புறை. பிறகு டிஸ்க் வந்து அதே இடத்தில் இணைந்தது. சேமித்ததெல்லாம் அதன் அடியில் மறைந்துபோனது. வகுப்பே அழுதது. விஜயலெட்சுமி டிஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் எல்லாம் தெரிந்தது.

இதை வைத்துத்தான் ஹாலிஎல பஸ் நிறுத்தத்தில் மதுசூதனன் ஆரம்பித்தார்.

"அண்டைக்கு மெஷின் நிண்டிருந்தால் இது நடந்திருக்குமோ, விஜயலெட்சுமி? இல்லாத டிஸ்க்கை இருக்கெண்டு நினைச்சு எழும்புறது பொய்."

"பொய் இல்லைங்க சேர். டிஸ்க்கு வரலன்னு ஒரு வரி சொல்லுதுல்ல? நாமதான் படிக்கல."

"திரையில்லாத மெஷினிலை ஆர் படிக்கிறது?"

"காத்திருந்தா கீய அமுக்கணுமே சேர், கீபோர்டே இல்லாத மெஷின்ல யாரு அமுக்குறது?"

"கோவிக்காதையும். அட்டவணையிலை ஒரு சொல்லுச் சேர்த்தால் காத்திராது. நான் வந்து போட்டு விடுறன்."

"அந்தச் சொல்லு எனக்கும் தெரியும். தெரியாதவங்க மெஷின் மட்டும் படுத்தே கெடக்கணுமா? நிக்கணும்னு ஆசப்படுறவங்க ஒரு சொல்லு சேத்துக்கட்டும்."

புவாத் பஸ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களா? இல்லாட்டி பஸ்ஸும் நிண்டு காத்திருக்கணுமா?"

5

மின்னஞ்சல் குழுவிலும் இதையே எழுதினாள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார்: நிரந்தரமில்லாத டிஸ்க்கை அட்டவணையில் எழுதுவதே பிழை.

அவள் எழுதினாள்: "எங்கள் டிஸ்க் நிரந்தரமானது. பஸ்ஸில் இருக்கும்போதும் அது எங்களுடையதுதான்."

மாற்றம் ஏற்கப்பட்டது, புதிய பதிப்புகள் நின்று காத்திருந்தன. அவள் தன் பிரதியில் அந்த விதியைத் திருப்பி எழுதினாள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதுதான் லினக்ஸ். மதுசூதனன் சொன்னதில் பாதியையும் எடுத்துக்கொண்டாள்: டிஸ்க் இல்லாதபோது அந்தக் கோப்புறையில் எவரும் எழுத முடியாதபடி பூட்டிவைத்தாள். இனிக் கணினி நிற்காது. எதுவும் அடியில் மறையவும் மறையாது.

என் பத்திரிகை ஆசிரியர் இதைப் படித்துவிட்டு, அவள் எங்கேயாவது ஓரிடத்தில் கண்கலங்கட்டுமே என்றார். கலங்கவில்லை. எழுத மாட்டேன்.

6

துரை வருவதாகச் சொன்ன காலையில் மழை. புவாத் போனில் கத்தினார்: "தங்கச்சி, ரோட்டுல மண் சரிஞ்சிருக்கு. பஸ் போகாது. புள்ள ஏன்ட மடியிலதான், பயப்படாதீங்க."

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஆசிரியர் விரும்பும் முடிவில், கடைசி நிமிடத்தில் பஸ் ஹாரன் கேட்கிறது. அடித்துவிட்டேன். இந்த ரோட்டில் சரிந்த மண்ணை ஒரு கதைக்காக யாரும் அள்ளுவதில்லை.

மதுசூதனன் ஏற்கக்கூடிய முடிவில், கணினி நேர்மையாக நிற்கிறது, எல்லோரும் அதோடு நிற்கிறார்கள். நேர்மையான முடிவுதான். அடித்தேன்.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது இந்தக் கதைக்கும் அதன் முடிவு வந்து சேரவில்லை என்று தெரிந்தது. அதற்காகக் கதை நிற்காது.

விஜயலெட்சுமி சுவிட்சைப் போட்டாள். அலுமாரிக்குள் விசிறி சுற்றியது. டிஸ்க் இல்லை என்று அது ஒரு வரி சொல்லியிருக்கும். பிறகு வகுப்பிலுள்ள கணினிகள் ஒவ்வொன்றாக எழும்பின. மாணவிகள் உட்கார்ந்தார்கள். கோப்புறை வெறுமையாக இருந்தது.

துரைக்கு நான் முகமோ பெயரோ கொடுக்காததைக் கவனித்திருப்பீர்கள். அந்த நாற்காலி உங்களுக்கு. உட்காருங்கள். நேற்றே வந்த உர லொறி வாசலில் நிற்கிறது. மூட்டைகளை மூடிய தறப்பாளின் மேல் மழை கொட்டுகிறது. நீங்கள் அந்த வெறுமையைப் பார்த்துக் கேட்கிறீர்கள்:

"பிள்ளைங்க செஞ்ச வேலை எல்லாம் எங்க?"

"பஸ்ல வருதுங்க."

"அப்ப இன்னைக்கு எனக்கு என்ன காட்டப் போற?"

"அது இல்லாமலே எழும்புச்சே, அதக் காட்டுறேங்க."

லொறிக்காரர் உங்களைத்தான் பார்க்கிறார். மூட்டையை இறக்கவா என்று கேட்கிறார்.