கட்டைக்கரும்பு

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில், சேர்வராயன் மலையடிவாரத்தில் அம்மாசியின் கரும்பு வெட்டாமலே பூத்து நின்றது. பூத்த கரும்பில் நாளாக ஆகச் சாறு வற்றிவிடும். சர்க்கரை விலை படுத்துவிட்டதால் மில்லிலிருந்து கட்டிங் ஆர்டர் வரவில்லை. வெல்லம் காய்ச்சி மண்டிக்குக் கொண்டுபோனாலும் வெட்டுக்கூலிக்குக் கட்டாது. பக்கத்துத் தோட்டத்துச் சின்னசாமி தன் கரும்புக்குத் தீ வைத்துவிட்டார். அந்தப் புகை பகல் முழுக்க ஊர்மேல் கிடந்தது. தானும் தீ வைத்துவிட்டு மரவள்ளி போடுவதென்று அம்மாசி முடிவு செய்தான்.

அவன் மனைவி கிருஷ்ணம்மாள் மலையில் பிறந்தவள். வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்து வளர்ந்தவள். பறிப்பு முடிந்தால் அங்கே வேலை குறைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நாலு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சிறுவயதுத் தோழி மரியபுஷ்பம் இன்னும் அதே எஸ்டேட்டில்தான் இருந்தாள்.

"கூலி குடுக்க எங்களுக்கு வழியில்ல புள்ள. வந்து வெட்டிக் குடுத்தா, காய்ச்சற வெல்லத்துல பாதி உங்களுக்கு" என்று அவளிடம் சொன்னாள் கிருஷ்ணம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியபுஷ்பம் மாதா கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னாள். திங்களன்று ஒரு கூட்டமே அரிவாளோடு பஸ்ஸில் வந்து இறங்கியது.

அம்மாசிக்கு இது பிடிக்கவில்லை. தன் வெள்ளாமையை ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டதே என்று வரப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்தவர்களுக்குக் கரும்பு புதிது. சோகை இலை கிழித்துக் கையெல்லாம் ரத்தம். முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டு வெட்டினார்கள். கொஞ்ச நேரம் பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் மரியபுஷ்பத்தின் கையிலிருந்த அரிவாளை வாங்கி, குனிந்து மண்ணோடு சேர்த்து வெட்டிக் காட்டினான். அதற்குப் பிறகு அவன் வரப்புக்குத் திரும்பவில்லை.

வெல்லத்தில் தங்கள் பங்கை மலைக்காரர்கள் மூட்டை கட்டி எடுத்துப்போனார்கள். வீட்டுக்கு வைத்துக்கொண்டது போக, கரடியூரிலும் மாரமங்கலத்திலும் வீடு வீடாக விற்றார்கள். வரக்காப்பிக்கு அந்த வெல்லம் எடுப்பாக இருந்ததால், கிருஷ்ணம்மாளின் பங்கும் பின்னாலேயே மலையேறியது. மண்டியைவிட நல்ல விலைக்கே போனது.

மண்ணோடு வெட்டிய கட்டைகள் நன்றாகத் துளிர்த்தன. உழுதுவிடலாம் என்ற அம்மாசியிடம், நடுவதற்கு விதைக்கரணை வாங்கும் செலவில்லாமல் வருவதை ஏன் அழிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். கட்டைக்கரும்பு அப்படியே நின்றது. சுற்றிலும் எல்லாரும் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள்.

அடுத்த பருவத்தில் நாடெங்கும் சர்க்கரை கிடைக்கவில்லை. மில் அதிகாரி ஜீப்பில் வீடு தேடி வந்தார். நல்ல விலை தருவதாகவும் வெட்ட ஆளும் தாங்களே அனுப்புவதாகவும் சொன்னார். ஆனால் தோட்டம் முழுவதும் வேண்டுமாம். கிருஷ்ணம்மாள் கணவனைப் பார்த்தாள்.

"பாதிய மலைக்காரங்களுக்குச் சொல்லிப்போட்டேனுங்க. மீதிய எடுத்துக்குங்க" என்றான் அம்மாசி.

அதிகாரி எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் பாதிக்கு மட்டும் பதிந்துகொண்டு போனார்.

ஜீப் போனதும், "ஏனுங்க, யாருகிட்ட எப்பச் சொன்னீங்க?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மாள்.

"இனிமேத்தான் போய்ச் சொல்லோணும்."

மறுநாள் அவனே பஸ் ஏறினான். மரியபுஷ்பம் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் காப்பிப்பழம் தாமதம், பறிப்பு முடியாமல் யாரும் இறங்க முடியாது என்றாள். அதற்குள் கரும்பு பூத்துவிடுமே என்று அவளே கவலைப்பட்டாள்.

"பூத்தாப் பூத்துட்டுப் போகுது தங்கச்சி. நீங்க முடிச்சுட்டே வாங்க" என்றான் அவன்.

பங்குனி பிறந்தபின் அவர்கள் வந்தார்கள். சாறு கொஞ்சம் குறைவுதான். அம்மாசி முதல் ஆளாகக் குனிந்து வெட்டினான், கிருஷ்ணம்மாள் வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்கு அடியில் சோகையைத் தள்ளி நெருப்பு மூட்டினாள்.