வேர்க்காத நெற்றி

ராதோமிருக்கு வேர்க்காது. மூச்சைச் சரியாக விட்டால் உடம்பு அலட்டிக்கொள்ளாது என்று பெல்கிரேடு இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எத்தனை மணி நேரம் ட்ரம்பெட் ஊதினாலும் நெற்றி காய்ந்தே இருக்கும். தெற்கே லெஸ்கோவாட்ஸ் ஊரின் கலையரங்குக்கு வரும்வரை அவருக்கு அதில் பெருமைதான்.

அன்று அவருடைய ஐவர் குழு வாசித்தது அவரே எழுதிய 'தெற்கத்தி நெருப்பு'. கல்யாண மெட்டுகளைப் பிடித்துக் குளிப்பாட்டி, தலை சீவி, டை கட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஒரே குதிரைப் பாய்ச்சல். 'மண்ணின் ஆன்மாவை மறுவாசிப்புக்கு உட்படுத்தும் முயற்சி' என்று நிகழ்ச்சித்தாளில் அவரே போட்டிருந்தார். தனியாக ஊதிக்காட்டும் இடமெல்லாம் முதல் ட்ரம்பெட்டுக்கு, அதாவது அவருக்கு. ட்யூபா வாசிக்கும் மிலெங்கோவுக்கு இரண்டே சுரம். அதையே மாற்றி மாற்றி, கடைசிவரை.

தெற்கே ஒருவன் வாசிப்பு பிடித்துப்போனால் வெறுமனே கைதட்டிவிட்டுப் போகமாட்டார்கள். எழுந்து வந்து, வேர்த்த அவன் நெற்றியில் ஒரு பண நோட்டை ஒட்டுவார்கள். சாராயக்கடைப் பழக்கம் என்று ராதோமிர் வானொலியில் கண்டித்திருக்கிறார். ஆனால் கல்யாணங்களில் எவனெவன் நெற்றியிலோ நோட்டு ஒட்டியதைப் பார்த்துவிட்டு வந்தால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பாதி வாசிப்பில், கறி சுட்டு விற்கும் புதிமிர் நோட்டும் கையுமாக மேடையேறினார். ராதோமிர் கண்ணை அடக்கமாக மூடிக்கொண்டு நெற்றியை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தினார். புதிமிர் நோட்டை வைத்து அழுத்தினார். விழுந்தது. எடுத்து இன்னும் பலமாக அழுத்தினார். மறுபடியும் விழுந்தது.

"என்ன மேஸ்ட்ரோ, நெத்தியா, சலவைக்கல்லா?"

அரங்கமே சிரித்தது. புதிமிர் சுற்றும் முற்றும் பார்த்தார். இரண்டே சுரம் வாசித்தாலும் மிலெங்கோ மழையில் நின்றவன் மாதிரி நனைந்திருந்தான். சப்பென்று ஒரு அறை. நோட்டு ஒட்டிக்கொண்டது. தாளத்துக்கு ஏற்ப அதுவும் ஆடியது.

இடைவேளையில், மேடைக்குப் பின்னால், ஹார்ன் வாசிக்கும் விதோசாவா ஆரம்பித்தாள். "ரெண்டு சுரத்துக்கே இந்த மரியாதை. மூணாவது ஒண்ணு குடுத்திருந்தீங்கன்னா சிலையே வச்சிருப்பாங்க."

"உங்க பாட்டுக்குத்தாண்ணே குடுத்தாரு" என்றான் மிலெங்கோ. நோட்டு இன்னும் நெற்றியில்தான் இருந்தது. "நீங்களே வச்சுக்குங்க."

"ச்சீ! அந்தக் கண்றாவி எனக்கெதுக்கு? அது கலையில்லப்பா, வேர்வை."

"அப்புறம் ஏன் அதையே பாத்துட்டிருக்கீங்க?" என்றாள் விதோசாவா.

வெளியே 'இன்னொரு தடவை!' என்று தரையை மிதித்தார்கள். மற்றவர்கள் மேடைக்குப் போனதும் ராதோமிர் குழாயைத் திறந்து, இரண்டு கை தண்ணீரை நெற்றியில் அறைந்துகொண்டு ஓடினார்.

இந்த முறை ஜனங்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கைகோத்து ஆடினார்கள். புதிமிர் புது நோட்டோடு ஏறி வந்தார். ராதோமிரின் நெற்றித் தண்ணீர் வழிந்து மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்து காத்திருந்து முகம் கோணிப்போயிருந்தது.

"ஐயையோ, மேஸ்ட்ரோவுக்கு நெஞ்சுவலி! எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது!" என்று புதிமிர் அலறினார்.

சொல்லச் சொல்லக் கேட்காமல் ட்ரம்பெட்டைப் பிடுங்கி, மேடையோரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வெங்காய வாடையடிக்கும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிட்டார். யாரோ வாயில் பிளம் சாராயம் ஊற்றினார்கள்.

"நீங்க நிறுத்தாதீங்கடா!" என்று புதிமிர் கத்தினார்.

யாரும் நிறுத்துவதாக இல்லை. ராதோமிரின் இடங்களையெல்லாம் இரண்டாவது ட்ரம்பெட்காரன் எடுத்து ஊதினான். ஆடியவர்களில் ஒருவருக்கும் அடி தப்பவில்லை. புது நோட்டும் மிலெங்கோவின் நெற்றிக்கே போனது. அவன் ஆடிய ஆட்டத்தில் இரண்டு நோட்டில் ஒன்று கழன்று, மிதந்து வந்து, ராதோமிரின் காலடியில் விழுந்தது.

யாரும் பார்க்கவில்லை. அவர் அதன்மேல் ஷூவை வைத்தார்.

புதிமிரின் மனைவி வந்து கையைப் பிடித்தாள். "முகம் தெளிஞ்சிருச்சே! வாங்க மேஸ்ட்ரோ, நாலு அடி போடலாம்."

"இல்லம்மா... காலு..."

"எந்தக் காலு?"

"வலது."

"யோவ்!" என்று அவள் புருஷனைக் கூப்பிட்டாள். "காலும் போச்சாம்யா!"

ஆட்டம் நின்றது. மொத்தக் கூட்டமும் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டது. புதிமிர் மண்டிபோட்டு, அந்த ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தார்.

"கல்லு மாதிரி இறுகிப் போச்சே. லேசா விடுங்க, மேஸ்ட்ரோ."

ராதோமிர் விடவில்லை.