மதிலுக்கு வெளியே ஒரு பூதம்

ஜெஸ்பினுக்குச் சுமைராதான் கடைசி நம்பிக்கை. தக்கலையில் மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் ஆன்ட்ரூஸ் சாரின் விதி அப்படி. பிள்ளைகள் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில், வகுப்பில் வேறு ஒருவராவது கடைசிவரை விளையாடி முடித்ததைத்தான் ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் காட்டுவார். ஜெஸ்பினின் அம்மாவோ அதற்குள் சபையில் பாதிப்பேரை அழைத்துவிட்டாள்.

ஜெஸ்பின் செய்த விளையாட்டு எளிதானதுதான். முதலில் வீரனை உருவாக்க வேண்டும், பிறகு அவன் வீட்டை. அப்புறம் வாசலுக்குப் பூதம் வரும். சண்டையா, ஓட்டமா, சமாதானமா என்று நாம் தேர்ந்தெடுக்கிற வழியில் கதை போகும். ஜெஸ்பின் எதையும் மூன்று தடவை யோசிப்பவன். வீரனுக்கு வைத்த மீசை வகைகள் அதிகமோ என்று குறைத்தான். குறைத்தது தப்போ என்று மறுபடியும் கூட்டினான். முதலில் விளையாடிய சுபின் மீசை பொறுக்கியே வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

சுமைரா கிடைத்த மீசையை ஒட்டிவிட்டு நேரே மனைக்கு வந்தாள். ஜெஸ்பினுக்கு உயிர் வந்தது.

"மதில் எங்கல இருக்கு?"

"அது கடைசியில. முதல்ல வீட்ட வை."

"இடம் வாங்கினா மதிலாக்கும் முதல்ல."

சுற்றிலும் மதில் எழுந்தது. அதன்மேல் கண்ணாடிச் சில்லு. உள்ளே ஒரு சின்ன வீடு, வீட்டைவிடப் பெரிய கார் ஷெட்.

"கேட்டு?" என்றான் ஜெஸ்பின் மெதுவாக.

"அது வாப்பா வெளிநாட்டுலருந்து லீவுல வந்த பொறவு."

பூதம் வந்தது. மதிலைச் சுற்றியது. வழி கிடைக்காமல் மறுபடியும் சுற்றியது. அது வாசற்படியை மிதித்தால்தான் மூன்று வழிகளும் திரையில் தெரியும். சுமைரா உள்ளே நிம்மதியாகப் பலா நட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எப்பம் முடியும்?" என்றார் ஆன்ட்ரூஸ் சார்.

"பூதம் உள்ள வந்தா முடியும் சார். சுமைரா, அந்த மதில..."

"செஞ்சவன் வழி சொல்லப்பிடாது. வேணும்னா விளையாட்டத் திருத்து. வகுப்பு முடியப்போவுது" என்றார் சார்.

எதைத் திருத்துவது? பூதம் மதிலை இடித்தால் இவள் மறுபடியும் கட்டுவாள். தீ வைத்தால் கிணறு வெட்டுவாள். வீட்டுக்குள் சுகமாக இருக்கிற மனுஷரை எதுதான் வெளியே இழுக்கும்? போன கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தைக்கு, இலையில் பாதிச் சோற்றோடு அப்பா எழுந்து ஓடியது ஜெஸ்பினுக்கு நினைவுக்கு வந்தது. பூதத்தின் உறுமலை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு வரியை எழுதினான்.

பூதம் மதிலைத் தட்டியது. 'மக்கா, இந்த மதில் எனக்க மண்ணுல ஒரு சாண் ஏறி நிக்குது.'

சுமைராவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"யாருக்க மண்ணுல?"

கட்டிய மதிலை அவளே உடைத்தாள். வீரன் வாளைக்கூட எடுக்காமல் வெளியே பாய்ந்தான். அவன் பிடித்துச் சுழற்றித் தள்ளியதில் பூதம் உடைந்த மதில் வழியே வாசற்படியில் போய் விழுந்தது. மூன்று வழிகளும் திரையில் தெரிந்தன.

"சர்வேயரக் கூப்பிடுக வழி எங்க?"

"அது இல்ல."

"என்ன விளையாட்டுல இது" என்று சண்டையை அழுத்தினாள். பூதம் தோற்றது. 'முடிந்தது' என்று திரை சொன்னது. ஜெஸ்பின் சாரைப் பார்த்தான்.

சுமைரா எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சுதுன்னா? அந்த ஒரு சாண் யாருக்கு?"

ஆன்ட்ரூஸ் சாரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை காட்டுவோம். ஆனா அதுக்கு முந்தி சர்வேயரச் சேத்திரு. நம்ம சபைல பாதிப்பேருக்கு இதே கேசாக்கும்."