கம்பிக்குக் கீழே ஒரு பூந்தண்டு

எழில்மதி தையல் டேப்பை வைத்து மூங்கில் கழியில் அடிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாகப் பல் துலக்குவதற்கு முன்பே கழியோடு தோட்டத்துக்கு ஓடினாள். தினமும் ஒரு சாண் ஏறியிருந்தது கற்றாழையின் பூந்தண்டு. உலக்கையைவிடத் தடிமன். அதற்கு நேர் மேலே மின்கம்பி. திங்கட்கிழமை காலையில் இடைவெளி மூன்றடிதான்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் அவர்களுக்கு முப்பது சென்ட் கல்லாங்காடு. சுற்றிலும் கரும்பு, இந்தத் துண்டில் மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. லாரி ஓட்டும் கணவன் கலையரசன் பதினாலு வருஷத்துக்கு முன் ராஜஸ்தானிலிருந்து ஒரு கற்றாழைக் கன்றைக் கொண்டுவந்தான். சோற்றுக் கற்றாழை இல்லை. ரயில் பாதையோரம் வேலியாக நிற்குமே, அந்த ஆனைக் கற்றாழையில் ஒரு வகை. மடலின் இரு ஓரமும் மஞ்சள் பட்டை ஓடும். அது பிடித்துக்கொண்டது. அப்புறம் அவன் போன ஊரிலிருந்தெல்லாம் ஒன்று வந்தது. எழில்மதி சல்லி கொட்டி மேடு கட்டி, தண்ணீர் தேங்காமல் பார்த்து வளர்த்தாள். இப்போது நாற்பத்தோரு வகை.

மற்றவை பக்கக் கன்று விட்டுப் பெருகின. மஞ்சள் பட்டை மட்டும் ஒன்றுகூட விடவில்லை. இப்போது தண்டு விட்டிருப்பது அதுதான். இந்தச் செடி ஆயுளில் ஒரே ஒருமுறை பூக்கும், பூத்ததும் காய்ந்துவிடும். தண்டில் விதையோ குட்டியோ கிடைத்தால்தான் வம்சம்.

அன்றே லைன்மேன் பாண்டியன் வந்து அண்ணாந்து பார்த்தான்.

“இன்னாக்கா இது, பனமரம் கணக்கா போய்க்கினு இருக்குது? வெட்டிடுங்க.”

“கம்பியக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா தம்பி?”

“எழுதிக் குடுங்க. கம்பம் வந்து நடறதுக்கு ஒரு மாசம் ஆவும். இது வெள்ளிக்கிழம வரைக்கும் கூடத் தாங்காது. ஈரத்தண்டுக்கா. கம்பில பட்டுச்சுன்னா, கீழ தொடுறவங்கள இழுத்துரும்.”

கலையரசன் நாக்பூரில் லோடுக்காகக் காத்துக்கிடந்தான். போனில் கெஞ்சினான். “வெட்டிடாத எழிலு. சனிக்கிழம வந்துடுவேன். அதுவரைக்கும் கயிறு கட்டி வேப்பமரத்துப் பக்கம் இழுத்து வையி.”

ஏணி போட்டு ஏறி, தாம்புக் கயிற்றால் தண்டைக் கட்டி இழுத்தாள். உள்ளுக்குள் நறநறவென்று ஒரு சத்தம். ஒடிந்தேவிட்டது என்று நினைத்து அப்படியே நின்றாள். ஒடியவில்லை. கயிற்றை வேம்பில் முடிச்சுப் போட்டாள். அன்றிலிருந்து தையல் மிஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கும், காது மட்டும் தோட்டத்தில் இருக்கும். ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்குத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கல்வராயன் மலைப் பக்கம் கறுத்து, கோடை மழை காற்றோடு இறங்கியது. வெளியே ஓடிவந்தவள் பார்த்தாள்: வேம்பில் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது. விடுபட்ட தண்டு நிமிர்ந்து ஆடியது. அதன் நுனி கம்பியில் உரசி நீலமாகப் பொறி பறந்தது. நனைந்த கயிறு தண்டிலிருந்து தொங்கி, ஒற்றையடிப் பாதையில் குறுக்கே விழுந்துகிடந்தது. பக்கத்துக் காட்டு ராஜாம்பாள் தலையில் புல்லுக்கட்டோடு வந்து, காலில் தடுக்கப்போகிறதே என்று அந்தக் கயிற்றை எடுக்கக் குனிந்தாள்.

“ராஜாம்பாக்கா! தொடாதீங்க! அங்கியே நில்லுங்க!”

எழில்மதிக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. ராஜாம்பாள் பதறி நிமிர்ந்தாள். புல்லுக்கட்டு சேற்றில் விழுந்தது.

“இன்னாடி, இன்னா?”

“பின்னால போங்க. அப்படியே பின்னால போங்க.”

ராஜாம்பாள் பத்தடி தள்ளிப் போனாள். கயிற்றைக் கட்டியது எழில்மதியின் கைதானே. சனிக்கிழமை வரை காத்திருக்க இனி தைரியமில்லை. பாண்டியனுக்குப் போன் போட்டாள். அவன் டிரான்ஸ்பார்மரில் கரண்ட்டை நிறுத்திவிட்டு வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தான். அடியில் வெட்ட முடியாது. மடல் முட்கள் ஆளை நெருங்கவிடாது. மடல்களுக்கு மேலாக ஏணியைச் சாய்த்து, ஆள் உயரத்தில் அவளே ரம்பத்தால் அறுத்தாள். சாறு தெறித்த இடமெல்லாம் முழங்கைவரை தடித்து எரிந்தது. தண்டு வேம்புப் பக்கம் சாய்ந்து விழுந்தபோது அவள் அதைப் பார்க்கவில்லை.

கலையரசனுக்கு அவள் போனில் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனான். அவள் கதவருகிலேயே நின்றாள். வெகுநேரம் கழித்துத் திரும்பிவந்து அவள் கையைப் பார்த்தான்.

“ராஜாம்பாக்கா வழியிலயே சொல்லிட்டாங்க. கயிறு கட்டச் சொன்னது நானு,” என்றான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆடி பிறந்தபோது செடியின் கீழ் மடல்கள் தொய்ந்துவிட்டன. காய்ந்ததை நறுக்கப் போனவள் மீதித் தண்டில் செதில்களின் இடுக்கைக் கவனித்தாள். பச்சையாக ஏழு முனைகள். பூச்சியோ என்று பயந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். குட்டிகள்.

ஐதராபாத்தில் இருந்த கலையரசனை அழைத்தாள்.

“பட்ட இருக்குதா?” என்று கேட்டான்.

“பச்சயாத்தான் தெரியுதுங்க. ஒண்ணு மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்குது. அது பட்டையோட கலரா, நோவா, தெரியல.”

“பிச்சிகிச்சி வச்சிடாத.”

“நா எதுக்குப் பிக்கப்போறேன்?”

இரண்டு அழுகிப்போயின. புரட்டாசியில் ஐந்தைப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வைத்தாள். நான்கு முழுப் பச்சை. வெளுத்திருந்த ஒன்று மட்டும் மூன்றாவது இலையில் ஓரமாக மஞ்சள் காட்டியது. தாய்ச்செடி அதற்குள் சருகாகிவிட்டது. ஐப்பசி மழை முழுக்க, மலைப்பக்கம் இடி கேட்டால் போதும், மிஷினை அப்படியே விட்டுவிட்டு அந்த ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தாள்.